நிவா கொணர்ந்த மரங்கள்: பெண்ணாகடம் சூழ்ந்த தேவாரப் பதிகங்களில் காடு பற்றிய சமவெளிப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

பெண்ணாடம், திருநெல்வாயில் அரத்துறை, திருமுதுகுன்றம் ஆகிய மூன்றும் கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அடுத்தடுத்து அமைந்த பாடல்பெற்ற தலங்கள். இவற்றுள் ஆற்றங்கரைத் தலங்களைப் பாடும் பதிகங்கள், ஆறு அகிலையும் சந்தனத்தையும் மிளகையும் பெருமரங்களையும் மலையிலிருந்து உந்திவருவதாகக் கூறுகின்றன. இவ்வருணனை நாட்டு வளத்திற்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. வேரொடு பெயர்ந்த மரம் வளத்தின் அடையாளமாவது எவ்வாறு என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. திருமுருகாற்றுப்படை, பட்டினப்பாலை, புறநானூறு ஆகியவற்றோடு இப்பதிகங்களை ஒப்பிட்டு, காட்டை அழிப்பவர் யார் என்பதை நூல்கள் எங்கே வெளிப்படச் சொல்கின்றன, எங்கே மறைக்கின்றன என ஆராய்கிறது. காட்டை அதன் பொருள்களால் மட்டும் அறியும் பார்வையைச் 'சமவெளிப் பார்வை' எனப் பெயரிட்டு, அதன் தொடர்ச்சியை வனச் சட்டத்திலும், அதற்கு மாற்றான பார்வையை இரு தமிழ்ப் புதினங்களிலும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தேவாரம், பெண்ணாகடம், அரத்துறை, நிவா, வெள்ளாறு, காடழிப்பு, புனம், சூழலியல் திறனாய்வு

1. முன்னுரை

தமிழில் சூழலியல் திறனாய்வு திணைக் கோட்பாட்டை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்துள்ளது. நிர்மல் செல்வமணி போன்றோர் திணையை நிலமும் உயிர்களும் மாந்தரும் தெய்வமும் ஒன்றியிருக்கும் ஓர் இல்லமாக விளக்கி, இத்துறைக்கு வலுவான தொடக்கத்தைத் தந்தனர். அவ்விளக்கத்தின் வழிவந்த கட்டுரைகள் பலவற்றில் ஒரு போக்கு நிலைத்துவிட்டது. பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர், அழிவு பிற்காலத்தது என்னும் முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் அடிகளை நூல்களிலிருந்து திரட்டுவதே அப்போக்கு. மரம், மலர், பறவை ஆகியவற்றின் பெயர்கள் எண்ணப்படுகின்றன. அவற்றுக்குப் பாடலுக்குள் என்ன நேர்கிறது என்பது கேட்கப்படுவதில்லை.

இந்த இடைவெளியைக் காண்பதற்குப் பெரிய காடுகள் உள்ள நிலப்பகுதியைவிடக் காடில்லாத சமவெளி ஊர் ஒன்றே தக்க இடமாகும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திற்குத் தென்மேற்கே, வெள்ளாற்றை ஒட்டி அமைந்த பெண்ணாடம் அத்தகையது. கல்வெட்டும் பதிகமும் புராணமும் அறிந்த இவ்வூர் மெய்கண்டார் பிறந்த ஊராகச் சைவ மரபில் போற்றப்படுவது. இதன் வழியே ஓடும் வெள்ளாறு, சேலம் மாவட்ட மலைகளிலிருந்து வரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி உருவாவது. தேவாரம் இதனை நிவா என்று அழைக்கிறது. விருத்தாசலம் வழி வரும் மணிமுத்தாறு கல்வராயன் மலையில் தோன்றி, வெள்ளாற்றோடு கலப்பது. ஆகவே இவ்வூர்களுக்கு மலைக்காடு கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ளது. ஆனால் அதன் நீர் வாசலுக்கு வருகிறது.

2. காடில்லாத ஊர்

பெண்ணாகடம் என்னும் பெயருக்குத் தலபுராண மரபு ஒரு விளக்கம் தருகிறது. தேவமகளிர், காமதேனு, இந்திரனின் வெள்ளை யானை ஆகிய மூவரும் வழிபட்டமையால் பெண், ஆ, கடம் என்னும் மூன்று சொற்கள் கூடி ஊர்ப்பெயராயின என்பது அது. கடம் என்னும் சொல்லுக்கு யானையின் மதம் என்னும் பொருளோடு காடு என்னும் பொருளும் அகராதிகளில் உண்டு. இதனைக் கொண்டு இவ்வூர் முன்னொரு காலத்தில் காடாக இருந்தது என வாதிடுவது பொருந்தாது. ஊர்ப்பெயர் ஒன்றின் ஒலிப்பகுதி வரலாற்றுச் சான்றாகிவிடாது. எனினும் மரபு அச்சொல்லை யானையென்றே கொண்டு, காடென்னும் பொருளை விட்டுவிட்டது என்பது கருதத்தக்கது.

யானை இவ்வூரில் வேறொரு வடிவிலும் நிற்கிறது. இங்குள்ள கோயிலின் பெயர் தூங்கானை மாடம். கருவறை விமானம், படுத்துறங்கும் யானையின் பின்புறம் போல் வளைந்த அமைப்பினது. கட்டடக்கலை நூலார் இதனைக் கசபிருட்ட வடிவம் என்பர். காட்டு விலங்கு ஊருக்குள் கல்லாகவும் சொல்லாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகம் முதலாம் திருமுறையின் 59-ஆவது பதிகம். நோய், பிறவி, கேடு ஆகியவற்றை எண்ணி, அவற்றிலிருந்து நீங்க விரும்புவோரைக் கோயிலுக்கு அழைக்கும் பாடலோடு அது தொடங்குகிறது. அப்பாடல் காட்டும் ஊரில் அகழியும் மதிலும் உள்ளன; வீடுதோறும் மறையோசை கேட்கிறது. அது முற்றுப்பெற்ற நகரம். திருநாவுக்கரசர் தம் உடல் சமண வாழ்வில் தோய்ந்தது எனக் கருதி, தோளில் சூல முத்திரையும் இடப முத்திரையும் வேண்டிப் பெற்றதும் இவ்வூரிலேயே என்பது பெரியபுராணச் செய்தி. இரண்டிலும் கேள்விக்குள்ளாவது மனித உடலின் நிலையாமையே. காடு இங்கே பேசுபொருள் அன்று. அது பேசுபொருளாவது, சம்பந்தர் இங்கிருந்து நடந்து சென்ற அடுத்த தலமான அரத்துறையில், ஆற்றின் கரையில்தான்.

3. ஆறு உந்திவரும் பொருள்கள்

திருநெல்வாயில் அரத்துறைப் பதிகங்களில் நிவா நதி திரும்பத் திரும்ப வருகிறது. சம்பந்தரின் பதிகத்தில் (2.90) அது மணமுள்ள மலர்களை உந்தி விரைந்து வருகிறது. சுந்தரரின் பதிகத்தில் (7.3) வரும் பொருள்கள் பெருகுகின்றன: முதற் பாடலில் மலையிடத்து அகிலும் ஒளிமிக்க மணிகளும், இரண்டாம் பாடலில் மிளகும் வலிய மரங்களும், பிறிதொரு பாடலில் கோங்கமலரும் வேங்கைமலரும். அருகிலுள்ள திருமுதுகுன்றத்தைப் பாடும் சம்பந்தரும் (1.12) மணிமுத்தாறு மலர்களோடு சந்தனம், அகில், குங்குமம் ஆகியவற்றைக் கொண்டுவந்து இறைவன் அடியில் வீழ்வதாகக் காட்டுகிறார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இப்பாடல்களைக் கல்வராயன் மலையின் தாவரப் பட்டியலாகக் கொள்ளுதல் கூடாது. இன்று வணிகத்தில் அகில் என அறியப்படும் அக்குலேரியா மரம் வடகிழக்கு இந்தியாவிற்குரியது. பழந்தமிழ் அகில் எம்மரம் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காவிரிக்கரைத் தலங்களிலும் இதே பொருள்கள் இதே வரிசையில் வருகின்றன. ஆகவே இது வருணனை மரபு. மரபு என்பதாலேயே இதன் மதிப்புக் குறைந்துவிடாது. ஒரு மலையில் உண்மையாக என்ன வளர்ந்தது என்பதை மரபு சொல்லாமல் போகலாம். சமவெளியில் வாழ்ந்தோர் மலையிடம் எதை எதிர்பார்த்தனர் என்பதைத் தெளிவாகச் சொல்லும். அகில், சந்தனம், மிளகு, மணி ஆகிய நான்கும் விலையுள்ள பண்டங்கள். பட்டினப்பாலை பூம்புகார்த் துறைமுகத்தில் குவிந்த பொருள்களை அடுக்கும்போது, மேற்கு மலையில் பிறந்த சந்தனமும் அகிலும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. பதிகத்தின் ஆறும் அதே பண்டங்களைக் கொண்டுவருகிறது. துறைமுகத்திற்குப் பதிலாகக் கோயில் வாயில் அமைகிறது என்பதே வேறுபாடு.

சுந்தரர் பாடலின் அமைப்பில் மேலும் ஒன்று புலப்படுகிறது. முதற் பாடலின் முற்பாதி ஆறு அகிலைக் கொணர்வதைக் கூறுகிறது. பிற்பாதி, மனிதர் நடந்தார், உடுத்தார், நரைத்தார், இறந்தார் என அவர்தம் வாழ்வு வெறுஞ்சொல்லாய்க் கழிவதை எண்ணி, தப்பிச் செல்ல ஒரு வழி சொல்லுமாறு இறைவனை வேண்டுகிறது. ஒரே பாடலில் இரண்டு பெயர்ச்சிகள் நிகழ்கின்றன. மனிதர் வாழ்விலிருந்து பெயர்வது இழப்பு. மரம் மலையிலிருந்து பெயர்வது வளம். நிலையாமையை இவ்வளவு கூர்மையாக உணரும் பாடலிலும் அந்த உணர்வு மரத்தின்மேல் செல்லவில்லை. இது கவிஞரின் குறையன்று. கரையில் நிற்பவருக்கு மரம் வந்துசேரும் காட்சிதான் கிடைக்கிறது, அது பெயர்ந்த இடம் கிடைப்பதில்லை. சமவெளிப் பார்வை என்று இக்கட்டுரை குறிப்பது இதனையே.

4. அருவியும் ஆறும்

இவ்வருணனையின் முன்னோடியைத் திருமுருகாற்றுப்படையின் இறுதியில் காணலாம். பழமுதிர்சோலை மலையின் அருவி அகிலைச் சுமக்கிறது. சந்தன மரத்தை அடியோடு உருட்டுகிறது. பொருள்கள் பதிகத்தில் வருவனவே. ஆனால் நக்கீரர் அருவியோடு மலையிலேயே நிற்கிறார். தேனடை சிதைகிறது. குரங்கு நடுங்குகிறது. பெண்யானை குளிரால் வருந்துகிறது. வாழை முறிகிறது, மிளகுக்கொடியின் கொத்துகள் சாய்கின்றன. மயில் அஞ்சி ஓடுகிறது, காட்டுக்கோழியும் ஓடுகிறது. கரடி மலைப்பிளவுக்குள் ஒடுங்குகிறது, காட்டெருது முழங்குகிறது.

அங்கே மரம் பெயர்வது ஒரு நிகழ்ச்சி. அதனால் தாக்கமுறும் உயிர்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லப்படுகின்றன. பாடல் அதனைத் துயரமாக ஆக்குவதில்லை. முருகன் உறையும் மலையின் ஆற்றலாகவே கொண்டாடுகிறது. ஆயினும் பெயர்ச்சிக்கு விலை உண்டு என்பது காட்சிக்குள் இருக்கிறது. அருவி சமவெளியில் ஆறாக மாறும்போது விலங்குகள் வருணனையிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. அரத்துறையின் நிவாவில் வந்துசேர்வன நாம் மேலே கண்ட பண்டங்களும் மலர்களுமே. மிளகுக்கொடி சாய்ந்த காட்சி மிளகு மிதந்துவரும் காட்சியாகிவிடுகிறது. ஒரே மரபு, கவிஞர் நிற்கும் இடம் மாறும்போது எதை இழக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

5. செய்பவர் யார்?

பதிகத்தின் வினைக்கு எழுவாய் ஆறு. மரத்தைப் பெயர்ப்பதும் கொணர்வதும் நீரே. மனிதக் கை எங்கும் இல்லை. சங்க நூல்களோ பல இடங்களில் அக்கையைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றன.

பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும்போது அவன் காட்டை நாடாக்கினான் என்று கூறி, அதற்குக் கொல்லுதல் என்னும் வினையைப் பயன்படுத்துகிறது. இது புகழ்ச்சியே, காடு அழிந்ததற்கான இரங்கல் அங்கில்லை. ஆனால் திருத்துதல், நீக்குதல் போன்ற மென்சொல்லை நாடாமல், உயிருள்ளதற்குரிய வினையைக் காட்டின்மேல் ஏற்றியமையால், செயல் எத்தகையது என்பது மறைக்கப்படவில்லை. எழுவாயும் ஐயத்திற்கிடமின்றி அரசனே.

புறநானூற்றில் காவல்மரங்கள் வெட்டப்படும் இடங்கள் இன்னும் நெருக்கமானவை. ஆலத்தூர் கிழார் பாடலில் (36) கிள்ளிவளவனின் படை கருவூரை முற்றுகையிட்டுச் சோலைதோறும் மரங்களை வெட்டுகிறது. அந்தக் கோடரியின் ஓசை அரண்மனைக்குள் இருக்கும் பகையரசனுக்குக் கேட்கிறது. மலர் மணக்கும் கிளைகளுக்குப் புலம்பு என்னும் தனிமைச் சொல்லைப் புலவர் ஏற்றிக் கூறுகிறார். காரிக்கண்ணனார் (57) பாண்டியன் நன்மாறனிடம், பகைவர் நாட்டைக் கொள்ளையிட்டாலும் எரித்தாலும் காவல்மரங்களை மட்டும் வெட்டாதே என்கிறார். அவை உன் யானைகளுக்குக் கட்டுத்தறியாகத் தாங்கா என்பது அவர் தரும் காரணம். மரத்தைக் காக்கும் வேண்டுகோளும் பயன் கருதிய மொழியிலேயே அமைகிறது என்பதைத் திறனாய்வாளர் கவனிக்க வேண்டும். அரசனிடம் செல்லுபடியாகும் மொழி அதுவாகவே இருந்திருக்கலாம்.

மூன்றாவது வகை, புனம் எரித்தல். குறிஞ்சிப் பாடல்களில் கானவரும் குறவரும் அகிலும் பிறவும் வளர்ந்த சரிவை வெட்டி எரித்துத் தினையும் ஐவன நெல்லும் விதைக்கின்றனர். குறுந்தொகை 339 அப்புகையின் மணத்தைப் பேசுகிறது. அதியமானின் ஈமத்தை ஔவையார் பாடும்போது (புறம் 231), எரிந்தும் எரியாமலும் கிடக்கும் விறகுக்கு உவமையாவது குறவனின் புனத்தில் கிடக்கும் அரைகுறையாய் வெந்த மரத்துண்டு. தீயின் எச்சத்தைப் புலவர் அறிந்திருந்தார் என்பதற்கு இது சான்று.

ஆகவே பழந்தமிழர் காட்டை அழிக்கவே இல்லை என்பது நூல்களுக்கு முரணானது. நூல்கள் நமக்குத் தருவது வேறொரு தெளிவு: அரசன் நாடாக்கக் காடழித்தல், படை பகைவரை அடக்க மரம் வெட்டுதல், மலைவாழ்நர் உணவுக்காகப் புனம் எரித்தல் என்னும் மூன்று செயல்களும் மூன்று வெவ்வேறு செயலாளருக்குரியவை. அளவாலும் நோக்காலும் இவை ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அழிப்பதே பின்வந்த காலத்தின் பெரும்பிழை.

6. சட்டத்தின் சமவெளிப் பார்வை

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் தீ வைத்தல், மரம் வெட்டுதல், மேய்த்தல், பயிரிட நிலம் திருத்தல் ஆகியவற்றைக் குற்றங்களாக்கியது. காப்புக்காடுகள் அரசின் மரவளமாகவும் கணக்கிடப்பட்டன. புனம் எரித்தவர் குற்றவாளியானார். கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரம் எடுத்தவர் நிர்வாகியானார். காட்டை அதன் பண்டங்களால் அறியும் பார்வை இங்கே வருணனையாக நில்லாமல் அதிகாரமாகிறது.

இதன் விளைவு வெள்ளாற்றின் தலைநீர் மலைகளை அடுத்த பகுதியிலேயே வெளிப்பட்டது. கல்வராயனுக்கு மேற்கே உள்ள சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக்கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். பழங்குடி மக்கள் தாக்கப்பட்டனர்; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கின்போது இறந்த 54 பேர் நீங்கலாக 215 பேரும் 2011-இல் தர்மபுரி நீதிமன்றத்தால் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சென்னை உயர்நீதிமன்றம் அதனை 2023 செப்டம்பரில் உறுதிசெய்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அதிரடிப்படையால் சுட்டுக்கொல்லப்பட்டனர். மரத்தை வாங்குவோரும் அனுப்புவோரும் சமவெளியில் இருந்தனர், சுமந்தவர் இறந்தார். பதிகத்தில் மனிதக் கை மறைந்து ஆறு எழுவாயானது. இங்கே ஒரு கை மட்டும் தெரிகிறது, அதுவும் மிகக் குறைந்த கூலி பெற்ற கை.

காட்டுத்தீ பற்றிய பொதுப்பேச்சிலும் இதே சிக்கல் உண்டு. இந்தியக் காட்டுத்தீக்களில் பெரும்பாலானவை மனிதரால் ஏற்படுபவை என்பது உண்மை. ஆனால் 'மனிதர்' என்னும் பொதுச்சொல், மேய்ச்சலுக்குப் புல் எரிப்பவரையும் சுற்றுலா வந்து தீ விட்டுச் செல்பவரையும் குற்றம் மறைக்கத் தீ வைப்பவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. சங்கப் பாடலில் இருந்த செயலாளர் வேறுபாடு இன்றைய சொல்லாட்சியில் இல்லை.

சமவெளியின் வழக்குச்சொல்லிலும் இம்மாற்றம் படிந்துள்ளது. விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரிக்காடு, தைலமரக்காடு என்பன அன்றாடச் சொற்கள். ஒரே மரத்தை வரிசையாக நட்டு விளைச்சலோ கூழ்மரமோ எடுக்கும் நிலமும் காடு எனப்படுகிறது. புன்செய் நிலத்தைக் காடு என்பது பழைய வழக்கே. ஆயினும் பலவகை உயிர்கள் வாழும் இடத்திற்கும் ஒரு பண்டம் விளையும் இடத்திற்கும் ஒரே சொல் போதும் என்னும் நிலை, காட்டின் இழப்பை உணர்வதற்குரிய மொழிக்கருவியை மழுங்கச் செய்கிறது.

7. மலையிலிருந்து எழுதப்பட்டவை

சமவெளிப் பார்வைக்கு மாற்று, தற்காலப் புதினத்தில் உருவானது. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' (1963) நீலகிரியின் படகர் வாழ்வைக் குறிஞ்சி பூக்கும் பன்னிரண்டாண்டுச் சுழற்சியால் அளக்கிறது. தானியம் விளைந்த சரிவில் தேயிலை வருவதும் மின்திட்டம் வருவதும் அங்கே ஒரு சமூகம் தன் காலக்கணக்கை இழப்பதாக உணரப்படுகின்றன. மாற்றத்தை ஏற்போரும் மறுப்போரும் அச்சமூகத்திற்குள்ளேயே இருப்பதால் புதினம் எளிய இரங்கலாகச் சுருங்கவில்லை.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) இரு பகுதிகளால் ஆனது. முதற்பகுதி சோளகரின் காட்டு வாழ்வையும் அவர்களது நிலம் வெளியாரிடம் செல்வதையும் காட்டுகிறது. இரண்டாம் பகுதி வீரப்பன் தேடுதலின்போது அவர்கள் அடைந்த சித்திரவதையைக் கூறுகிறது. இரண்டாம் பகுதி ஆவணத்தன்மை மிகுந்து கலையமைதி குறைந்தது என வாதிட இடமுண்டு. ஆனால் இரு பகுதிகளையும் பிரித்துப் படித்தால் புதினத்தின் வாதம் சிதையும். காடு அங்கு வாழ்வோரிடமிருந்து பறிக்கப்படுவதும் அவர்கள் குற்றவாளிகளாக்கப்படுவதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பதே அவ்வமைப்பின் பொருள். நக்கீரரின் அருவிக் காட்சியில் விலங்குகளுக்குக் கிடைத்த இடம் இங்கே மனிதருக்குக் கிடைக்கிறது: மரம் பெயர்ந்த இடத்தில் யார் இருந்தனர் என்பது சொல்லப்படுகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. பெண்ணாகடம் சூழ்ந்த பதிகங்களின் ஆற்று வருணனை, மலைக்காட்டைச் சமவெளிக்கு வந்துசேரும் பண்டங்களால் அறிகிறது. அதனை இயற்கைப் பாதுகாப்புணர்வுக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. அதே மரபின் முற்பட்ட வடிவமான திருமுருகாற்றுப்படை, மரம் பெயர்வதால் தாக்கமுறும் உயிர்களைக் காட்சிக்குள் வைத்திருக்கிறது. சங்கப் பாடல்கள் காடழிப்பை அறிந்தவை; அவற்றின் சிறப்பு அழிப்பவரை வேறுபடுத்திப் பெயரிடுவதில் உள்ளது. வனச் சட்டமும் பொதுப்பேச்சும் அவ்வேறுபாட்டை நீக்கி, மிக எளியவர்மீது முழுப்பொறுப்பையும் சுமத்தியுள்ளன.

இதனால் சூழலியல் திறனாய்வு தேவாரத்தைக் குற்றம் சாட்ட வேண்டும் என்பது கருத்தன்று. பாடலில் மரம் வரும்போது அதன் பெயரோடு, அது எங்கிருந்து பெயர்ந்தது, பெயர்த்த வினைக்கு எழுவாய் யார் என்னும் இரு வினாக்களையும் கேட்பது தேவை. காவிரி, வைகை, பொருநைக் கரைப் பதிகங்களையும் இவ்வகையில் ஒப்பிட்டு ஆராயலாம். வெள்ளாறு இன்று ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. தொழுதூரிலும் பெலாந்துறையிலும் தடுக்கப்படும் அதன் நீரில் அகில் வருவதில்லை. சமவெளிக்கு வேண்டிய மரம் இப்போது சாலை வழியே வருகிறது. அதற்கும் ஓர் எழுவாய் உண்டு. அதனைச் சொல்லும் வாக்கியத்தை அமைப்பது இலக்கியத்திற்கும் திறனாய்விற்கும் உரிய பணியாகும்.